பார்த்துக்கோங்க

1999-ஆம் ஆண்டின் ஒரு காலை, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பெண்கள் அறுவை சிகிச்சை வார்டுக்கு நான் டியூட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 7:10. பத்து நிமிடம் தாமதம். இரவு டியூட்டி பார்த்த அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து நின்றபடிதான் ஓவர் கொடுத்தார், அதாவது நோயாளிகளின் நிலையைச் சொல்லி அடுத்த ஷிஃப்டான என்னிடம் ஒப்படைத்தார். 7:30 பஸ்ஸை விட்டால் அவருடைய ஊருக்கு அடுத்த பஸ் ஒன்பது மணிக்கு. 22 நோயாளிகளையும் 7 நிமிடத்தில் சொல்லி முடித்தார். 9-ஆம் பெட்டில் சர்க்கரை நோயால் காலில் புண் வந்து சேர்ந்திருந்த ஒரு பாட்டி இருந்தார். அவரைப் பற்றி அக்கா சொன்னது இவ்வளவுதான்: "ஒன்பதாம் பெட், டிரெஸ்ஸிங் இருக்கு, சுகர் பார்த்தாச்சு, 260, இன்சுலின் பார்த்துக்கோங்க."

அக்கா அன்று 6:30 மணிக்கே 12 யூனிட் இன்சுலின் போட்டிருந்தார். அதைச் சார்ட்டில் எழுத உட்கார்ந்த நேரத்தில் அவசர அட்மிஷன் ஒன்று வந்துவிட, எழுதுவது விட்டுப்போயிற்று. பாட்டி சரியாகச் சாப்பிடுவதில்லை, ஊசி போட்டிருப்பதால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம், ஒரு கண் வைத்துக்கொள் என்ற பொருளில் அவர் "பார்த்துக்கோங்க" என்றார். சுகர் கூடுதலாக இருக்கிறது, இன்சுலின் போடும் வேலை உன்னுடையது என்ற பொருளில் அது என் காதில் விழுந்தது. சார்ட்டைப் புரட்டினேன், அந்தக் கட்டத்தில் கையெழுத்து இல்லை. 7:40-க்கு நானும் 12 யூனிட் ஏற்றிக்கொண்டு பாட்டியிடம் போனேன்.

சேலையை ஒதுக்கிக் கையைக் காட்டிக்கொண்டே பாட்டி சொன்னார்: "வெள்ளனவே ஒண்ணு குத்தியாச்சே தாயி." நான் சிரித்துக்கொண்டு, "அது ரத்தம் எடுத்தது பாட்டி, இது வேற" என்றேன்.

9:45 மணிக்குப் பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள் ஓடிவந்து கூப்பிட்டார். பாட்டியின் நெற்றியும் கழுத்தும் வியர்வையில் நனைந்திருந்தன, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ ஒரு பேரனின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். குளுக்கோமீட்டர் 38 காட்டியது. 25 சதவீத சர்க்கரைக் கரைசலான டெக்ஸ்ட்ரோஸை நரம்பு வழியே கொடுத்த கால் மணி நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து காபி கேட்டார். தப்பித்துக்கொண்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கும் அந்த அக்காவுக்கும் ஆளுக்கொரு மெமோ வந்தது. "இனி கவனமாக இருப்பேன்" என்று இருவரும் எழுதிக் கொடுத்தோம். என்ன வார்த்தை சொல்லப்பட்டது, அது எப்படிக் கேட்கப்பட்டது என்று எங்கள் இருவரிடமும் யாரும் விசாரிக்கவில்லை. அன்று அந்த வார்டில் சரியாக ஓவர் கொடுத்தவர் பாட்டி ஒருவர்தான் என்பது எனக்கே பல வருடங்கள் கழித்துத்தான் உறைத்தது.

இப்போது வேறொரு மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். இந்த வேலைக்கு வந்த பிறகு ஓவர் கொடுக்கும் பேச்சைக் கேட்டு எழுதிக்கொள்வது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. எங்கள் படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது, தேர்வும் கேஸ் ஷீட்டும் நர்சஸ் நோட்ஸும் ஆங்கிலம்தான். ஆனால் ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்ட் வரும் அந்த இருபது நிமிடத்தில் உண்மையில் கைமாறுவது பேச்சுத் தமிழ். பாடப்புத்தகங்கள் எதுவும் இந்தத் தமிழைப் பற்றிப் பேசுவதில்லை. இதற்கென்று சில சொற்கள் இருக்கின்றன. அவற்றில் முதலாவது "ஆச்சு". கொடுத்தாச்சு, பார்த்தாச்சு, சொல்லியாச்சு, மாத்தியாச்சு. வேலை முடிந்தது என்பதைச் சொல்வதற்கு இதைவிட வசதியான வடிவம் வேறு மொழியில் இருக்குமா என்று தெரியவில்லை, ஏனென்றால் செய்தவர் யார் என்பதைச் சொல்லாமலே முழு வாக்கியத்தையும் முடித்துவிடலாம். எப்போது என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் "அரிசி ஊறப் போட்டாச்சு" என்றால் ஒரு குறையும் இல்லை. வார்டில் "ஆன்டிபயாட்டிக் கொடுத்தாச்சு" என்றால், 6 மணி டோஸா 2 மணி டோஸா, கொடுத்தது சொல்பவரா வேறொருவரா, அல்லது கொடுக்கச் சொல்லி டிரெய்னியை அனுப்பிவிட்டு அவர் கொடுத்திருப்பார் என்ற நம்பிக்கையில் வந்த "ஆச்சு"வா என்பது தெரியாது. கடைசி வகைதான் எனக்கு அதிகம் அகப்பட்டது.

இரண்டாவது சொல் "பார்த்துக்கோங்க". இதைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன். எங்களிடம் வேலை பார்க்கும் மலையாளிச் சிஸ்டர் ஒருவர், தன் ஊரில் "நோக்கிக்கோணே" என்பதற்கும் இதே இரட்டைப் பொருள்தான் என்று சிரித்தார். மூன்றாவது, "டாக்டர்கிட்ட சொல்லியாச்சு". எந்த டாக்டரிடம்? டியூட்டி டாக்டரிடமா, யூனிட் சீஃபிடமா? என்ன சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார்? ஒரு முறை இதைத் துருவித் துருவிக் கேட்டபோது, லிஃப்ட் வாசலில் டாக்டரைப் பார்த்ததாகவும், "ஐந்தாம் பெட்டுக்கு ஃபீவர் சார்" என்று சொன்னதாகவும், அவர் போனில் பேசிக்கொண்டே தலையாட்டியதாகவும் தெரியவந்தது. அந்தத் தலையாட்டலை நம்பி மூன்று ஷிஃப்ட் ஓடியிருந்தது.

ஓவர் கொடுக்கும்போது தகவல் சிந்துவது எங்கள் ஊர்க் குறை மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் நோயாளிப் பாதுகாப்புக்கென ஒன்பது தீர்வுகளை வெளியிட்டபோது, ஒரே மாதிரி ஒலிக்கும் மருந்துப் பெயர்கள், நோயாளியை அடையாளம் காணுதல், கை கழுவுதல் ஆகியவற்றோடு ஓவர் கொடுக்கும்போது நடக்கும் தகவல் பரிமாற்றத்தையும் ஒரு தனித் தலைப்பாக வைத்தது. அடையாளம் காண்பது என்றதும் சொல்ல வேண்டும்: ஒரே வார்டில் இரண்டு மாரியம்மாள்கள் இருப்பது எங்கள் பக்கத்தில் விசேஷமே அல்ல. பெட் நம்பர் அடையாளம் ஆகாது, பெயரோடு ஐ.பி. நம்பரையும் (உள்நோயாளி எண்) பார் என்று எத்தனை முறை சொன்னாலும் "ஏழாம் பெட்" என்றுதான் வாயில் வருகிறது. ஏழாம் பெட் மாரியம்மாளை ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்தவரை ஜன்னல் காற்று வேண்டும் என்று அவர் கேட்டதற்காகப் பதினொன்றில் படுக்க வைத்தால், அந்தச் செய்தி காலை ஓவரில் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

பயிற்சிப் பொறுப்புக்கு வந்த முதல் ஆண்டில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். குளிரூட்டப்பட்ட கான்ஃபரன்ஸ் ஹாலில் ஒரு மணி நேர வகுப்பு, 40 ஸ்லைடு, வகுப்புக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு, கடைசியில் சமோசா, டீ. இரவு டியூட்டி முடித்தவர்களைப் பிடித்து உட்கார வைத்தேன். முன் வரிசையில் ஒருவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார், அந்தக் கலையை நானும் ஒரு காலத்தில் அறிந்திருந்தேன். பின்தேர்வில் எல்லோரும் நல்ல மதிப்பெண் எடுத்தார்கள். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். ஆய்வுக்கு வந்தவர்கள் கேட்ட பதிவேடுகளும் வருகைக் கையெழுத்துகளும் பயிற்சி மணிக்கணக்கும் எல்லாம் சரியாக இருந்தன. மறுவாரம் ஒரு வார்டில் போய் நின்றேன். "கொடுத்தாச்சு, பார்த்தாச்சு, பார்த்துக்கோங்க." ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. மதிப்பெண் கூடியது ஹாலில், ஓவர் நடப்பது வார்டில், இரண்டுக்கும் நடுவில் நான் பாலம் எதுவும் போட்டிருக்கவில்லை.

அந்த ஹாலில் நான் சொல்லிக்கொடுத்தது எஸ்பார் என்ற முறையை. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் சொல்லப் பயன்பட்ட ஒழுங்கு அது. பின்னர் கொலராடோவில் கைசர் பெர்மனென்டே மருத்துவக் குழுமம் அதை மருத்துவமனைக்கு ஏற்றவாறு மாற்றிக்கொண்டது. இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, நான் என்ன கணிக்கிறேன், உங்களிடம் என்ன கேட்கிறேன் என்று நான்கு படிகள், அவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்ததுதான் எஸ்பார். முதல் இரண்டு படிகளில் எங்கள் பெண்களுக்குச் சிக்கலே இல்லை. பல்ஸ், பி.பி., சாச்சுரேஷன், யூரின் அளவு எல்லாம் ஒப்பிப்பார்கள். மூன்றாவது படியில் வண்டி நின்றுவிடும். "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். மூன்று நான்கு வருடம் படித்த படிப்பு முழுவதும் டாக்டரிடம் கருத்துச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று கற்றுக்கொண்டவர்களிடம், ஒரு சுருக்கப் பெயரைக் கொடுத்து இனிக் கருத்துச் சொல் என்றால் எப்படி வரும்?

இதனால்தான் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு குழுவிடமும் இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 2005 மார்ச்சில் எலைன் புரோமிலி என்ற பெண் சைனஸ் அறுவை சிகிச்சைக்காகச் சென்றார், வழக்கமான சிறிய சிகிச்சைதான். மயக்க மருந்து கொடுத்தபின் அவருக்கு மூச்சுப் பாதை அடைபட்டது, குழாயும் போட முடியவில்லை. அனுபவமிக்க மருத்துவர்கள் குழாய் போடும் முயற்சியையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்க, நேரம் கடந்தது. அந்த அறையில் இருந்த செவிலியர் ஒருவர் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யும் கருவித் தட்டைக் கொண்டுவந்து தயாராக இருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்டுவிட்டு வந்து, மருத்துவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததால் தான்தான் மிகையாக நடந்துகொண்டோமோ என்று நினைத்தார். என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதை எந்த வார்த்தையில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. எலைன் சில நாட்களில் இறந்தார். அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. விமானத் துறையில் துணை விமானி தலைமை விமானியை மறுத்துப் பேசுவதற்கே பயிற்சி கொடுக்கிறார்கள் என்பதை அறிந்தவர். யாரையும் தண்டிக்கச் சொல்லாமல் என்ன நடந்தது என்று ஆராயச் சொன்னார், 2007-இல் மருத்துவத்தில் மனிதக் காரணிகளைப் பற்றி ஆராயும் ஓர் அமைப்பையும் தொடங்கினார்.

இதைச் சொல்லி முடித்ததும் ஹால் அமைதியாகிவிடும். அந்த அமைதியை வீணாக்காமல் உடனே போனைக் கையில் கொடுத்துவிடுவேன். நான்தான் டாக்டர், இரவு 2 மணி, தூக்கத்தில் இருக்கிறேன். முதல் முயற்சி எப்போதும் இப்படித்தான் இருக்கும்: "சார், குட் ஈவ்னிங் சார், டிஸ்டர்ப் பண்றதுக்கு சாரி சார், பன்னிரண்டாம் பெட் பேஷண்ட் ஒரு மாதிரி இருக்காங்க சார்." நான் எரிச்சலான குரலில், "ஒரு மாதிரின்னா?" என்பேன். போனை வைத்துவிடுவேன். மறுபடி. மூன்றாவது, நான்காவது முயற்சியில், "சார், பன்னிரண்டாம் பெட், நேற்று குடல் ஆபரேஷன் ஆனவங்க, பல்ஸ் 128, பி.பி. 90-க்கு 60, நாலு மணி நேரத்துல யூரின் 40 எம்.எல்.தான், உள்ளே ரத்தம் கசியுதோன்னு எனக்குச் சந்தேகம், நீங்க இப்ப வந்து பார்க்கணும்" என்று வரும். "நீங்க வந்து பார்க்கணும்" என்ற மூன்று சொற்களைத் தயங்காமல் சொல்ல வைப்பதற்கு ஒரு பெண்ணுக்கு ஏழு முறை ஆனது. எட்டாவது முறை சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். அமெரிக்காவில் 2006-இல் வந்த டீம்ஸ்டெப்ஸ் பயிற்சித் திட்டத்திலும் இதற்கென்று படிகள் இருக்கின்றன: எனக்குக் கவலையாக இருக்கிறது, எனக்கு இது சரியாகப் படவில்லை, இது நோயாளியின் பாதுகாப்புப் பிரச்சினை என்று குரலை ஒவ்வொரு படியாக உயர்த்துவது. எங்கள் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது ஒரே படிதான்: "சார், எனக்குப் பயமா இருக்கு." தமிழில் இதைக் கேட்டுவிட்டு ஒரு டாக்டர் திரும்பிப் படுத்ததை நான் இதுவரை பார்க்கவில்லை. திட்டிக்கொண்டே வந்தவர்கள் உண்டு.

எண்களைப் பற்றி ஒரு சிறு கண்டுபிடிப்பும் இந்தப் போன் பயிற்சியில்தான் கிடைத்தது. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி என்ற குழப்பத்தைத் தவிர்க்க "ஒன் ஃபைவ்", "ஃபைவ் ஜீரோ" என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், நல்ல வழிதான். ஆனால் பதினஞ்சும் அம்பதும் எந்தக் காதிலும் ஒன்றாக விழாது. ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள் என்று சொல்லத் தொடங்கினேன், டாக்டர்களும் சிரித்துவிட்டு ஏற்றுக்கொண்டார்கள். இன்சுலினில் மட்டும் எண் போதாது. நம் நாட்டில் ஒரு எம்.எல்.லில் 40 யூனிட் இருக்கும் வயலும் (மருந்துக் குப்பி) 100 யூனிட் இருக்கும் வயலும் ஒரே அலமாரியில் இருக்கின்றன, முதலாவதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், மற்றதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். யூனிட் என்பதை ஆங்கிலத்தில் 'யு' என்ற ஒற்றை எழுத்தாக எழுதினால், அவசரக் கையெழுத்தில் அது சுழியாகி 10 என்பது 100 ஆகிவிடும். ஆகவே முழுச் சொல்லையும் எழுத வேண்டும், வயலும் சிரிஞ்சும் எது என்று ஓவரில் சொல்ல வேண்டும்.

இரண்டாம் ஆண்டிலிருந்து வகுப்புகளைப் பாதியாகக் குறைத்துவிட்டு வார்டில் நின்று கேட்கத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு ஒரு சிஸ்டர், ஒரு ஓவர். கையில் நோட்டு, நடுவில் குறுக்கிடுவதில்லை. முடிந்ததும் இரண்டு நிமிடம் தனியாக அழைத்து, "கொடுத்தாச்சுன்னு ஒன்பது தடவை சொன்னே, அதுல நாலு நீ கொடுத்தது, மூணு காலை ஷிஃப்ட் கொடுத்தது, ரெண்டு உனக்கே தெரியாது" என்று படித்துக் காட்டுவேன். கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் தன் பேச்சைத் தானே எழுத்தில் கேட்பதைப் போல எந்த ஸ்லைடும் உறைப்பதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர்கள் ஓவர் கொடுக்கும் முறையை மாற்றிப் பார்த்து, அதன் முடிவை 2014-இல் வெளியிட்டார்கள். 10,740 நோயாளிச் சேர்க்கைகளை ஆராய்ந்ததில் மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்திருந்தன. ஒரு நோயாளிக்கு ஓவர் கொடுக்க ஆன நேரம் ஏறக்குறைய முன்பிருந்த அளவேதான். அதில் பட்டறை, ஒத்திகை எல்லாம் இருந்தன. அதோடு மூத்தவர்கள் நேரில் நின்று கவனித்துத் திருத்துவதும் திட்டத்தின் ஒரு பாகமாக இருந்தது. நம் மருத்துவமனைகள் எஸ்பார் போன்ற சுருக்கப் பெயரை மட்டும் அட்டையில் அச்சடித்து மாட்டிக்கொண்டு, நிற்பதை விட்டுவிடுகின்றன. அட்டைக்கு ஒரு முறைதான் செலவு, நிற்பதற்குத் தினமும் ஆள் வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும், மதியம் 2 மணி ஓவர் மட்டும் மோசமாகவே இருந்தது. காலை ஓவரும் இரவு ஓவரும் தேறியிருக்க, இதற்கு மட்டும் என்ன கேடு என்று மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் விடையைச் சொன்னவர் வார்டு ஆயாம்மா: "வேன் ரெண்டு பத்துக்குக் கிளம்புதுல்ல மேடம்." ஹாஸ்டலுக்குப் போகும் வேன். மதிய ஷிஃப்ட் 2 மணிக்கு வந்து கையெழுத்துப் போடும், காலை ஷிஃப்ட் 2:10-க்கு வேனில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் ஷேர் ஆட்டோ. இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்குப்படி பொது மருத்துவமனையில் 5 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் இருக்க வேண்டும். எங்கள் வார்டில் பகலிலேயே ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்றாலும் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டும். டியூட்டி ரோஸ்டரைப் போட்டவர்களில் ஒருத்தியான நானே இதைக் கவனித்ததில்லை. மதிய ஷிஃப்டை 1:45-க்கு வரச் சொல்லி, அந்தக் கால் மணி நேரத்தைச் சம்பளக் கணக்கில் சேர்க்கவும், வேனை 2:20-க்கு மாற்றவும் நிர்வாகத்தைச் சம்மதிக்க வைக்க நான்கு மாதம் ஆனது. டிரைவரைச் சம்மதிக்க வைக்க அதற்கு மேல் ஒரு வாரம். என் இரண்டு ஆண்டுப் பயிற்சி செய்யாததை அந்த வேன் செய்தது என்று சொன்னால் மிகை இல்லை.

நிர்வாகத்தைப் பற்றி இன்னும் ஒன்று. தவறு நடந்தால் எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒரு படிவம் வைத்தோம். முதல் மாதம் 11 வந்தன. எழுதியவர்களில் மூவரிடம் விளக்கம் கேட்டு மேலிடம் மெமோ அனுப்பியது. அடுத்த மாதம் ஒன்றுகூட வரவில்லை, அதைப் பாதுகாப்பு மேம்பட்டதாக ஒரு கூட்டத்தில் வரைபடம் போட்டுக் காட்டினார்கள். என் 1999 மெமோ இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை நகலெடுத்து அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தேன். படிவத்துக்கு மெமோ இல்லை என்ற சுற்றறிக்கை அதன்பின் வந்தது, அதை நம்பி முதல் படிவம் வர மேலும் மூன்று மாதம் ஆயிற்று.

பயிற்சி பெற்றவர்கள் நிலைப்பதில்லை என்பது இந்தத் தொழிலின் நிரந்தர வருத்தம். எம்.ஆர்.பி. தேர்வில் தேறினால் அரசு வேலை, இல்லையென்றால் மஸ்கட், ரியாத், துபாய். போகட்டும், நல்ல சம்பளத்துக்குத்தான் போகிறார்கள். வருடத்துக்கு இரண்டு முறை புதுக் குழு வருகிறது, நானும் நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து நிற்கிறேன்.

போன மாதம் அப்படி நின்றபோது, வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரமான ஒரு பெண் படுக்கையருகில் ஓவர் கொடுத்துக்கொண்டிருந்தாள். "ஆன்டிபயாட்டிக் மதியம் 12 மணி டோஸ் நான் 12:10-க்குக் கொடுத்தேன்" என்றாள். படுத்திருந்த அம்மா குறுக்கே புகுந்து, "இல்ல கண்ணு, மத்தியானம் ஊசியே போடலயே" என்றார். வெளியே வேன் ஹாரன் அடித்தது. அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சார்ட்டை எடுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தாள், தட்டில் கிடந்த காலி வயலை எடுத்துப் பெயரைப் படித்தாள், பிறகு அந்த அம்மாவின் கையைத் தொட்டு, "இந்த டிரிப்ஸ் குழாய் வழியாத்தான் விட்டேன்மா, அதான் குத்தின மாதிரி தெரியல" என்றாள். "அப்படியா" என்று அந்த அம்மா குழாயைப் பார்த்தார். அடுத்த படுக்கைக்குப் போனார்கள். ஹாரன் இரண்டாவது முறை அடித்தது.